பதினோரு துளைகள்

ஆடி பதினெட்டு அன்று காலை அருள்புரத்து வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். வீட்டுக்காரர் சுப்பையன். அவர் மனைவி ரங்காத்தாள். சுப்பையனின் அக்கா கருப்பாத்தாள். போன வருடம் கல்யாணமாகி, ஐந்து மாதக் கர்ப்பிணியாக ஆடிப் பண்டிகையான நோம்பிக்குப் பிறந்த வீடு வந்திருந்த மகள் கலாமணி. சேவூரிலிருந்து சீர்த்தட்டோடு வந்த ரங்காத்தாளின் அண்ணன் ஆறுச்சாமி. கடைசியாக வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்ட கரையான் மருந்துக்காரன் ஜெயபாண்டி. ஏழாவது ஆள் கிடையாது. மாப்பிள்ளை சாயங்காலப் பொழுதோடுதான் வருவதாக இருந்தது. பிற்பாடு இந்தச் சங்கதியை நேரில் பார்த்ததுபோலப் பேசியவர்கள் பல பேர். அவர்களில் ஒருவரும் அங்கே இல்லை.

நோம்பிக்காகக் கருப்பாத்தாள் சாமி அறையைக் கழுவிக்கொண்டிருந்தாள். விளக்கேற்றுவது ரங்காத்தாள், அறையைக் கூட்டித் துடைப்பது கருப்பாத்தாள் என்பது அந்தக் குடும்பத்தில் முப்பது வருட ஏற்பாடு. தாலி இழந்து தம்பியோடு வந்து தங்கிய நாளிலிருந்து அவள் விளக்கையோ குங்குமத்தையோ தொட்டதில்லை. முன் சுவரை ஒட்டி நீளமாகக் கிடந்த பலகைப் பெட்டியை அன்று அவள் நகர்த்தினாள். அடியில் எதையோ பார்த்தாள். துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"தம்பி... இங்க சித்தெ வா."

அவள் குரலில் சத்தம் இல்லை. அதனால்தான் சுப்பையன் பேப்பரை மடிக்காமல் அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனார்.

சுவரும் தரையும் சேரும் இடத்தில், அடிக்கு ஒன்றாக, கட்டைவிரல் பருமனுக்குத் துளைகள் போட்டு வெள்ளைச் சிமெண்டால் அடைத்திருந்தது. கருப்பாத்தாள் விரல் வைத்து எண்ணினாள். பதினொன்று.

"எனக்குச் செய்வினை வெச்சதா தம்பி இது? உன்ற அக்காளை ஊட்டை விட்டு ஓட்டறதுக்கு வெச்சதா?"

சமையலறையில் ரங்காத்தாள் நோம்பிப் பலகாரமான கச்சாயத்துக்கு மாவை உருட்டிக்கொண்டிருந்தாள். எண்ணெய் காய்ந்துவிட்டது. அவள் அடுப்பை அணைத்தாள். இரண்டு வருடமாக எந்த நாள் வரக்கூடாது என்று இருந்தாளோ அந்த நாள் வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மாவுக் கையோடு சாமி அறை வாசலில் வந்து நின்றாள்.

சுப்பையனைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பெரிய சத்தம் போடுகிறவர் இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் அந்த வார்த்தையிலேயே நிற்பவர். அப்பன் விட்டுப்போன மண்சுவர் வீட்டை இடித்து, அதே இடத்தில் இரண்டாயிரத்து மூன்றாம் வருடம் இந்த வீட்டைக் கட்டினார். அஸ்திவாரம் போடும்போதே கொத்தனார் ராக்கையா வற்புறுத்தி மண்ணுக்குக் கரையான் மருந்து ஊற்ற வைத்தார். அந்த வேலையைச் செய்த கம்பெனி ஒரு மஞ்சள் அட்டை கொடுத்தது. ஐந்து வருடத்துக்கு உத்தரவாதம், ஆனால் வருடா வருடம் பணம் கட்டிப் புதுப்பித்தால்தான் என்று அதில் எழுதியிருந்தது. முதல் வருடம் கட்டிடக் கூலியோடு சேர்ந்து போயிற்று. மறு வருடம் ஜெயபாண்டி வந்து நின்றபோது, சுப்பையன் ராக்கையாவின் முன்னாலேயே அவனைத் திருப்பி அனுப்பினார். கீழே கல், மேலே கான்கிரீட், கரையான் வந்து சிமிட்டியையா தின்னப்போகிறது என்று கேட்டார். வருடத்துக்கு ஒரு தரம் வந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போவதற்கு ஒரு பைசா இந்த வீட்டிலிருந்து போகாது என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவருக்கு முடிந்தது. ரங்காத்தாளுக்கு முடியவில்லை.

அந்த மண்ணை அவளுக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த இரண்டாம் வருடம், பழைய வீட்டு மூலையில் இருந்த தன்னுடைய பெட்டியை ஒரு நாள் திறந்தாள். மேலே மடிப்புக் கலையாமல் இருந்த கூறைப்புடவையைக் கையில் எடுத்தபோது அது புடவையாக வரவில்லை. ஈரமண்ணாக உதிர்ந்தது. அப்பன் வீட்டார் எடுத்துக் கொடுத்த கூறை. அன்று கருப்பாத்தாள் வாசலில் நான்கு பேர் கேட்கச் சொன்னாள், கூறையைக் காப்பாத்தத் தெரியாதவளா குடும்பத்தைக் காப்பாத்தப் போறா என்று. ரங்காத்தாள் அதற்குப் பதில் சொல்லவில்லை. மறக்கவும் இல்லை.

இப்போது சுப்பையன் துளைகளைக் காட்டி, இது என்ன என்று மனைவியைக் கேட்டார்.

"கரையானுக்கு மருந்து வெச்சதுங்க."

"நான் வேண்டாம்னு சொன்னனா இல்லையா?"

"சொன்னீங்க."

"எப்ப வெச்சது?"

போன வருடம் என்று அவள் சொன்னாள். கருப்பாத்தாள் அந்தப் பதிலுக்காகவே காத்திருந்ததுபோலத் திரும்பினாள். போன வருடம் எப்போது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. கலாமணியின் கல்யாணம் முடிந்து, சம்பந்தி வீட்டார் எல்லோரையும் விருந்துக்கு அழைத்திருந்தார்கள். ரங்காத்தாள் மட்டும் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் படுத்துக்கொண்டாள். பெற்ற மகளின் விருந்துக்குத் தாய் வரவில்லை என்று சம்பந்தி வீட்டுப் பெண்கள் முகத்துக்கு நேராகக் கேட்டார்கள்.

"அன்னைக்குப் படுத்தது காச்சல்ல இல்லை. ஆம்பளையும் நாங்களும் இல்லாத நேரம் பாத்து அன்னியன் ஒருத்தனை சாமி ரூமுக்குள்ள விட்டிருக்கிறா. இது மருந்தா மாயமான்னு யாரு கண்டா..." கருப்பாத்தாள் ரங்காத்தாளை நேராகப் பார்த்தாள். "எனக்குப் போக்கிடம் இல்லைன்னு தெரிஞ்சுதானே, ஆத்தா?"

அவளை ஈவிரக்கமில்லாதவள் என்று சொல்லிவிடக் கூடாது. தாய் தகப்பன் இல்லாத தம்பியைப் பாத்தி கட்டி, களை வெட்டி வளர்த்தவள் அவள். முப்பது வருடமாக, இந்த வீட்டில் தன் இடம் தம்பியின் மனசில் மட்டும்தான் இருக்கிறது, வேறெங்கும் இல்லை என்று பயந்துகொண்டிருந்தவள். அந்தப் பயம்தான் துளைகளைப் பார்த்ததும் வாயைத் திறந்தது.

சுப்பையன் பலகைப் பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். மனைவியிடம் இன்னும் ஒன்றைத்தான் கேட்டார். "காசு ஏது?"

ரங்காத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். மாவு அவள் விரல்களில் காய்ந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் ஆறுச்சாமி வாசலில் வந்து நின்றார். சலவை வேட்டி, தோளில் துண்டு, இரண்டு கையிலும் பித்தளைத் தட்டு. தட்டில் பட்டுப்புடவை, ரவிக்கைத் துணி, தேங்காய், பழம், மஞ்சள், பூ. அண்ணன் சீர் கொண்டுவந்தால் உடன்பிறந்தவள் சொம்பில் தண்ணீரோடு வாசலுக்கு வந்து வாங்கிக்கொள்வாள். அன்று யாரும் வரவில்லை. மகள் கலாமணிதான் ஓடிவந்து, வாங்க மாமா, உக்காருங்க மாமா என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்தார். சொம்பைத் தொடவில்லை. தங்கை வீட்டில் தண்ணீரைத் தொடாமல் உட்கார்ந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அவருக்கும் ஆறாத கோபம், ஒரு வேகாளம் இருந்தது. இரண்டு வருடமாக ஆடி நோம்பிக்கு முன்னால் ரங்காத்தாள் சேவூர் வரும்போது, புடவையைப் பிடித்ததாக நீயே எடுத்துக்கோ என்று அவர் பட்டுப்புடவைக் காசைக் கையில் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு நோம்பிக்கும் அவள் உடம்பில் புதுப்புடவையை யாரும் பார்க்கவில்லை. ஆறுச்சாமி தங்கச்சிக்குச் சீரை நிறுத்திவிட்டார் என்ற பேச்சு அருள்புரத்தில் ஆரம்பித்து, அவிநாசி சந்தையில் அவர் காதுக்கே வந்து சேர்ந்தது. அந்தப் பேச்சை வாசல் வழியாகவே பொய்யாக்கத்தான் இந்த வருடம் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"அம்மிணி," என்றார். "நான் குடுத்த சீரு எங்க?"

ரங்காத்தாள் விரலில் காய்ந்த மாவைத் தேய்த்து உதிர்த்தாள்.

"சந்தையில ஒருத்தன் எம்பட தோள்மேல கைபோட்டுக் கேக்கறான், ஏனுங்க, பொறந்தவளுக்கு ஒரு சீலைக்குக்கூட வக்கில்லாமப் போச்சுங்களான்னு. நான் குடுத்தேனா இல்லையா? இவிங்க முன்னாடி சொல்லு."

"குடுத்தீங்கண்ணா."

"அப்பறம் எங்க?"

சுப்பையன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு இது புதுச் செய்தி. மச்சான் சீரை நிறுத்திவிட்டார் என்றுதான் அவரும் நினைத்திருந்தார். கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று கேட்காமல் இருந்தார்.

"மச்சான் குடுத்ததும் எங்கன்னு தெரியாது. மருந்துக்குக் குடுத்தது எங்கிருந்துன்னும் தெரியாது." அவர் ஒவ்வொரு வார்த்தையாக வைத்தார். "இந்த ஊட்டுல எனக்குத் தெரியாம என்னதான் நடக்குது ரங்காத்தா? சொல்லீட்டுத் தட்டை வாங்கு. சொல்ல முடியாதுன்னா... உன்ற அண்ணன் வந்திருக்குறாரு. கூடவே போயிக்க."

"சொல்லாட்டி நானே தட்டை எடுத்துட்டுத் திரும்பிப் போறேன்," என்றார் ஆறுச்சாமி. "இனி சீருமில்லை, சேவூருமில்லை."

இருவரும் கேட்டது ஒரே பதிலைத்தான். அது ஒரு வரிப் பதில். அதைச் சொன்னால், மச்சான் காசில் தன் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டவர் என்ற பெயர் சுப்பையனுக்கு வரும். அண்ணன் ஆசையாகக் கொடுத்த பட்டை மண்ணில் ஊற்றியவள் என்ற வருத்தம் ஆறுச்சாமிக்கு வரும். இரண்டு பேரும் தலை நிமிர்ந்து நடக்கிறவர்கள். அந்த இரண்டு தலைகளும் குனியாமல் இருக்கத்தான் இரண்டு வருடம் அவள் பழைய புடவையைக் கட்டினாள். விசேஷ வீடுகளில் பெண்கள் தன் முந்தானையைப் பார்த்துப் பேசிக்கொண்டதைக் கேளாததுபோல இருந்தாள்.

"கரையானுக்கு மருந்து வெச்சேன்," என்றாள் மெதுவாக. "நான் செஞ்சது அது ஒண்ணுதானுங்க. மத்தது எதையும் கேக்காதீங்க."

கலாமணி அழ ஆரம்பித்தாள். வெளியே கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

மொபெட்டின் பின்னால் மருந்து டிரம்மும், தோளில் துளைபோடும் மிஷின் பையுமாக ஜெயபாண்டி படியேறி வந்தான். கோவில்பட்டிப் பக்கத்து ஆள். திருப்பூருக்கு வந்து நாலைந்து வருடம் இருக்கும். ரங்காத்தாள் அவனைப் பார்த்ததும் போய்விடு என்பதுபோல ஒரு விரலை அசைத்தாள். அதற்குள் சுப்பையன் பார்த்துவிட்டார்.

"வா. உன்னையத்தான் பேசிட்டிருக்கறம்."

கூடத்தில் இத்தனை பேரைக் கண்டதும் அவன் படியிலேயே நின்றுவிட்டான். வருடா வருடம் ஆடி நோம்பி கழிந்த பிறகு, சுப்பையன் தன் பனியன் கம்பெனியில் இருக்கும் நேரத்தில் ரங்காத்தாள் அவனை வரச்சொல்வாள். இந்த மாதம் ஒன்றாம் தேதி தெருவில் எல்லோரும் குச்சியில் குத்தித் தேங்காய் சுட்டதைப் பார்த்துவிட்டு, அதுதான் நோம்பி, கழிந்துவிட்டது என்று கணக்குப் போட்டுவிட்டான்.

"எங்க ஊருல பதினெட்டெல்லாம் பெருசா கும்பிடுறதில்லை அண்ணாச்சி. நான் அப்புறமா வாரேன்."

"நில்லு. இத்தனை வருசத்துல ஒரு கரையானைப் புடிச்சு இந்த ஊட்டுல காட்டியிருக்கறயா நீ?"

"இல்லை அண்ணாச்சி."

"அப்பறம் எதுக்குக் காசு வாங்கற?"

ஜெயபாண்டி மிஷின் பையைக் கீழே வைத்தான். இந்தக் கேள்வியை அவன் பல வீட்டு வாசலில் காதில் வாங்கியவன்.

"காட்ட முடியாம இருக்கணும்னுதான் அண்ணாச்சி காசு. ஒளிக்காமச் சொல்றேன், பத்து வீட்டுக்குப் போனா எட்டு வீட்டுல சும்மாதான் பாத்துட்டு வாரேன். கட்டும்போது ஊத்துன மருந்து மண்ணுல நிக்கும். அதை யாரும் கலைக்காத வரைக்கும் நிக்கும். கலைச்சிருக்காங்களான்னு பாக்கத்தான் வருசா வருசம் வாரது. இந்த வீட்டுலயும் ரெண்டாம் வருசம் சும்மாதான் பாத்துட்டுப் போனேன். போன வருசம் வந்தா சுவரை ஒட்டித் தோண்டியிருந்துச்சு. அந்த இடத்துல மருந்து மண்ணோட மண்ணா வெளிய போயிருச்சு. அதுக்குத்தான் உள்ள பதினோரு துளை போட்டு மருந்து இறக்குனேன்."

"யாரு தோண்டுனா?"

ஜெயபாண்டி வெளியே கையைக் காட்டினான்.

வாசலுக்கு வலப்பக்கம், சாமி அறையின் வெளிச்சுவரை ஒட்டினாற்போல் கலாமணியின் கல்யாணத்துக்கு நட்ட முகூர்த்தக்கால் நின்றது. மூன்று கொம்பாகக் கிளைத்த பாலமரக் கால். நட்டது கல்யாணச் சடங்குகளை நடத்திவைக்கும் அருமைக்காரர். இடம் காட்டியது கருப்பாத்தாள். பந்தல் வாசலில் வைக்கலாம் என்று மற்றவர்கள் சொன்னபோது, சாமி ரூம் சுவரோடு இருக்கட்டும், அதுதான் மகளுக்குக் காவல் என்று அவள்தான் சொன்னாள். கல்யாணம் முடிந்து காலை எடுக்க வேண்டிய நாளில் பார்த்தால், ஒரு கொம்பில் இரண்டு இலை துளிர்த்திருந்தது. துளிர்த்த காலை யார் பிடுங்குவார்கள்? இருக்கட்டும் என்றார்கள். இலை காய்ந்தது. கால் மட்டும் நின்றது. ரங்காத்தாள் ஒரு தரம், எடுத்துவிடலாமா நங்கை என்று நாத்தனாரிடம் கேட்டாள். உன்ற மக வாழ்க்கையை நீயே புடுங்கறயா என்று கருப்பாத்தாள் கேட்ட பிறகு மறுதரம் கேட்கவில்லை.

"அதை ஆட்டிப் பாருங்க அண்ணாச்சி," என்றான் ஜெயபாண்டி.

"அதுல யாரும் கை வெக்கப்படாது," என்றாள் கருப்பாத்தாள். "மாசமா இருக்கற புள்ளை ஊட்டுல இருக்குது."

கலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"அத்தை, என்ற கல்யாணத்துக்கு நட்டது அது. எங்கம்மாளை வெளிய போகச் சொல்லீட்டு எனக்கு என்ன காவல் அது? எடுங்கப்பா."

சுப்பையன் இரண்டு கையாலும் முகூர்த்தக்காலைப் பிடித்தார். வலுவாக இழுக்க வேண்டும் என்று காலை ஊன்றி நின்றார். அது சோளத்தட்டு மாதிரி கையோடு வந்தது. அவர் பின்னால் இரண்டடி தடுமாறினார். அடிமரத்தில் பட்டை மட்டும்தான் இருந்தது. உள்ளே மண். குழியின் ஓரத்தில் வெள்ளையாகக் கரையான் நெளிந்தது. அங்கிருந்து பென்சில் பருமனுக்கு ஒரு மண்குழாய் சுவரில் ஏறி, தரை மட்டத்தில் உள்ளே போயிருந்தது.

ஜெயபாண்டி அதற்குமேல் யாரிடமும் கேட்கவில்லை. சாமி அறைக்குப் போனான். சுவரடியில் ஒட்டியிருந்த டைல்ஸ் பட்டையை நெம்பி எடுத்தான். பின்னால் அதே மண்குழாய், நாலைந்து கிளையாகப் பிரிந்து வந்திருந்தது. ஒவ்வொரு கிளையும் ஒரு துளைக்கு அருகில் வந்து நின்றிருந்தது. நின்ற இடத்தில் உதிர்ந்து கிடந்த கரையான்கள் நொய்யரிசி மாதிரி இருந்தன. ஒன்றும் அசையவில்லை.

"இதுக்கு மேல வரலை அண்ணாச்சி. வந்திருந்தா இந்தக் கதவைத் தாண்டி அடுத்த ரூம்தான்."

அடுத்த அறையில் என்ன இருந்தது என்று சுப்பையனுக்குத் தெரியும். இருபது வருடமாக அடுத்தவர் பெயரில் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், முதல்முறையாகத் தன் பெயரிலேயே எடுத்த வெளிநாட்டு ஆர்டர். கம்பெனிக் குடோனில் மழை ஒழுகுகிறது என்று, பேக்கிங் முடிந்த அட்டைப்பெட்டிகளைக் கூரை வரைக்கும் அந்த அறையில்தான் அடுக்கியிருந்தார். எல்லாம் பருத்தி பனியன். திங்கட்கிழமை தூத்துக்குடிக்கு லாரி ஏற வேண்டும். அவர் உள்ளே போய் அடிவரிசைப் பெட்டிகள் ஒவ்வொன்றையும் நகர்த்திப் பார்த்தார். கையால் தடவினார். ஒன்றிலும் ஒரு பொட்டு மண் இல்லை. திரும்பி வரும்போது அவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை, பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை என்பதால்.

ஆறுச்சாமி மட்டும் ஜெயபாண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏப்பா, நோம்பி கழிஞ்சுதான் எப்பவும் வருவயா?"

"ஆமாங்க. அதுக்கு முந்தி வந்தா கையில காசு இருக்காதுன்னு அம்மா சொல்லுவாங்க."

ஆறுச்சாமி மடியில் இருந்த தட்டைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். அவளுடைய சேலை முந்தானையின் ஓரம் நைந்து நூல் தொங்கியது.

"அம்மிணி... எம்பட சீரா அது?"

ரங்காத்தாள் தொங்கிய நூலை உள்ளே மடித்து மறைத்தாள். அதுவே பதிலாக இருந்தது. சுப்பையன் பெட்டிகள் இருந்த அறையைத் திரும்பிப் பார்த்தார். மச்சான் காசுலயா என்ற ஊடு நின்னுது என்று அவர் முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது. அந்த முணுமுணுப்புதான் ரங்காத்தாளின் வாயைத் திறந்தது. முப்பது வருடத்தில் அவள் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

"மச்சான் எங்கீங்க வந்தாரு இதுல? அண்ணன் எனக்குக் குடுத்தாரு. குடுத்த பொறவு அது என்றது. என்றதை என்ற ஊட்டுக்குப் போட்டேன். நீங்க கட்டுன ஊட்டுல எனக்கு ஒரு கல்லுகூட பாத்தியம் இல்லைங்களா? இதே மண்ணுங்க... என்ற கூறையைத் தின்ன மண்ணு. அன்னைக்கு வாசல்ல நின்னு நான் கேட்ட சொல்லு இன்னும் காதுல இருக்குது. கூறையைக் காப்பாத்தத் தெரியலை, சரி. குடும்பத்தையாவது காப்பாத்தலாம்னு நெனச்சேன். ரெண்டு வருசம் சீலை இல்லாட்டி நான் செத்தாபோயிட்டேன்... நீங்க சொன்ன சொல்லும் நிக்கோணும், அண்ணன் மனசும் நோகப்படாது, ஊடும் நிக்கோணும். ஒரு பொம்பளை எத்தனை பக்கமுங்க தாங்கறது?"

அவள் அழுதாள். மாவுக் கையால் கண்ணைத் துடைக்க முடியாமல் அப்படியே நின்று அழுதாள். ஆறுச்சாமி நாற்காலிக்கு அருகில் இருந்த சொம்பை எடுத்துத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

கருப்பாத்தாளைக் காணவில்லை. கலாமணி போய்ப் பார்த்தபோது, அவள் தன் அறையில் இரண்டு வெள்ளைச் சேலைகளை ஒரு மஞ்சப்பையில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். கூடத்துக்கு வந்து தம்பியிடம் சொல்லிக்கொள்ளக்கூட நிற்காமல் வாசலைப் பார்த்து நடந்தாள்.

"நங்கை," என்று ரங்காத்தாள் கூப்பிட்டாள். "எங்க போறீங்க?"

"கூறையைப் பத்திச் சொன்னது நான்தான். முகூர்த்தக்காலுக்கு எடம் காட்டுனதும் நான்தான். ஊட்டுக்குள்ள கரையானைக் கூட்டியாந்தது யாருன்னு இப்பத்தான் தெரியுது..." அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "உன்னையப் போகச் சொன்ன வாசல்ல நான் எப்புடி ஆத்தா உக்காந்து சோறு திங்கறது?"

ரங்காத்தாள் கையைக் கழுவிவிட்டு வந்து குறுக்கே நின்றாள். பையை வாங்கிக் கீழே வைத்தாள்.

"நங்கை, அண்ணன் எத்தனை நேரம் தட்டை மடியில வெச்சிருப்பாரு? நீங்க எடுத்துக் குடுங்க. உங்க கையால வாங்கிக்கறேன்."

கருப்பாத்தாள் இரண்டடி பின்வாங்கினாள். "நான் சீரைத் தொடப்படாது. உனக்குத் தெரியாதா? பூவிருக்குது, மஞ்சளிருக்குது..."

"தெரியும். குடுங்க."

ஆறுச்சாமி எழுந்து வந்து தட்டைக் கருப்பாத்தாளின் முன்னால் நீட்டினார். அவர் பழைய முறைகளை விட்டுக்கொடுக்காத மனிதர். நீட்டிய கையைப் பின்னால் இழுக்கவில்லை. கருப்பாத்தாள் தம்பியைப் பார்த்தாள். சுப்பையன் தலையை அசைத்தார். முப்பது வருடத்துக்குப் பிறகு அவள் கையில் பூவும் மஞ்சளும் பட்டன. தட்டு சாய்ந்தது, தேங்காய் உருண்டது, கலாமணி பிடித்துக்கொண்டாள். ரங்காத்தாள் தட்டை வாங்கி மகளிடம் கொடுத்துவிட்டு நங்கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சத்தமில்லாமல் அழுதார்கள். ஆம்பிளைகள் இருவரும் வாசலுக்குப் போய் நின்றார்கள்.

வாசலில் ஜெயபாண்டி, இன்றைக்குப் போய்விட்டு இன்னொரு நாள் வரட்டுமா என்று கேட்டான். சுப்பையன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"குழியில எவ்வளவு ஊத்தோணுமோ ஊத்து. நான் மண்ணு தள்றேன். அடுத்த வருசம் நோம்பிக்கு முன்னாலயே வா. காசை எங்கிட்டக் கேளு."

இந்த வருடத்துக்கும் நானே கொடுக்கிறேன், ஒரு சீராகப் போகட்டும் என்று ஆறுச்சாமி துண்டில் முடிந்திருந்ததை அவிழ்க்கப் போனார். ரங்காத்தாள் உள்ளிருந்தபடியே, அண்ணன் சீலையை நான் கட்டிக்கிறேன், மருந்துக்கு ஊட்டுக்காரர் குடுக்கட்டும் என்று சொன்னாள். ஆறுச்சாமி முடிச்சைத் திரும்பவும் இறுக்கினார்.

அண்ணன் எடுத்துவந்த மாம்பழ மஞ்சள் பட்டைக் கட்டிக்கொண்டு அவள் கச்சாயம் சுட்டாள். திங்கட்கிழமை லாரி ஏறியது. கார்த்திகையில் கலாமணிக்குப் பெண் குழந்தை பிறந்தது.

ரங்காத்தாளின் பிறந்த வீட்டுச் சீர் இரண்டு வருடம் நின்றுபோயிருந்தது என்றும், சுப்பையன் மிரட்டிய பிறகுதான் ஆறுச்சாமி தட்டோடு வந்தார் என்றும் அவிநாசியிலும் பல்லடத்திலும் இன்னும் சிலர் சொல்கிறார்கள். அது பொய். சீர் ஒரு வருடமும் நிற்கவில்லை. அந்த இரண்டு வருடச் சீரும் அருள்புரத்து வீட்டின் முன் சுவருக்கு அடியில் இருக்கிறது.